கோழிப் பண்ணையில் காய்ந்த மோட்டார்

1. நாற்காலி போட்டு எடுத்த நாள்

எலக்ட்ரிகல் டிப்ளமோ முடித்த கையோடு, சான்றிதழ்களை நெஞ்சில் அணைத்துக்கொண்டு தென்காசியில் அந்தக் கம்பெனி வாசலில் போய் நின்றேன். உள்ளே இருந்தவர்கள் என்னைக் கஸ்டமர் என்று நினைத்து நாற்காலி போட்டார்கள். வேலைக்கு வந்திருக்கிறேன் என்றதும் அதே நாற்காலியைத் திரும்ப எடுத்துக்கொண்டார்கள். எனக்கு அப்போதே மூக்குக்கு மேல் கோபம் வரும். நின்றுகொண்டே பேசினேன்.

முதலாளி கோமதிநாயகம் அண்ணாச்சி சான்றிதழைத் திறந்துகூடப் பார்க்கவில்லை.

"ஒனக்கு எந்த ஊருட்டி?"

"சொரண்டைக்குப் பக்கம், அண்ணாச்சி."

"ஸ்டார் டெல்டா ஸ்டார்ட்டர் வரையச் சொன்னா வரைவியா?"

"வரைவேன்."

"அது கெடக்கட்டும். இந்த ஷெட்டுல மேக்கு எது? சொல்லு பாப்போம்."

வானம் மூடிக் கிடந்தது. சூரியன் எங்கே என்று தெரியவில்லை. ஆனால் வாசலில் நின்ற எனக்கு வலது பக்கத்துச் சேலை மட்டும் நனைந்திருந்தது. அந்தப் பக்கம் கையை நீட்டினேன்.

"சாரல் எங்கன இருந்து அடிக்கோ, அதான் மேக்கு."

"நாளைக்குக் காலையில வந்துரு" என்றார். நேர்முகத் தேர்வு அவ்வளவுதான்.

இந்த ஊர்க் காற்றைப் பற்றி வெளியூர்க்காரர்களுக்குக் கொஞ்சம் சொல்லிவிட வேண்டும். ஆனி பிறந்தால் செங்கோட்டைக் கணவாய் வழியாக மேல்காற்று இறங்கும். குற்றாலத்தில் அருவி விழும், சுற்றுப்பட்டு ஊர்களில் சாரல் அடிக்கும். குளிக்க வருகிறவர்களுக்கு அது சுகம். எங்களுக்கு அது வேலை. மழை மேலிருந்து விழுந்தால் கூரை போட்டுத் தடுத்துவிடலாம். சாரல் படுக்கை வாட்டத்தில் வரும். சுவிட்சுகள் அடங்கிய பேனல் கதவின் இடுக்கு, மோட்டாரில் வயர் சேரும் டெர்மினல் பாக்ஸ், கேபிள் நுழையும் துவாரம் என்று எங்கே இடம் கிடைத்தாலும் உள்ளே போய் உட்கார்ந்துகொள்ளும். அதனால் எங்கள் கம்பெனியில் எதை நிறுத்தினாலும் மேற்குக்கு முதுகைக் காட்டித்தான் நிறுத்துவோம். கல்லூரியில் இதை யாரும் எனக்குச் சொல்லித் தரவில்லை.

2. கம்பெனி பிறந்த விதம்

கம்பெனி என்று இன்றைக்குப் பெருமையாகச் சொல்கிறேன். அண்ணாச்சி தொடங்கியபோது அது எரிந்துபோன கிணற்று மோட்டாருக்குள் புதுக் கம்பி சுற்றி, காயில் கட்டும் ஒரு தகர ஷெட். பிறகு செங்கோட்டைப் பக்கத்து மர அறுவை மில்காரர்கள் வந்தார்கள். ரம்ப மோட்டாரைக் கொண்டுவந்து இறக்கிய ஒருவர், "அடிக்கடி எரியுதுவே, ஸ்டார்ட்டரையும் ஒரு எட்டு வந்து பாத்துரும்" என்று கூப்பிட்டிருக்கிறார். ஸ்டார்ட்டரைப் பார்க்கப் போன அண்ணாச்சி கேபிளைப் பார்த்தார். கேபிளைப் பார்த்தவர் எர்த்தைத் தேடினார். அந்த மில்லில் எர்த் என்ற ஒன்றே கிடையாது. "இத்தன நாளு நீரு உசுரோட இருக்கதே பெரிசுவே" என்று சொல்லிவிட்டு, மொத்த வயரிங்கையும் பிரித்துப் புதிதாகப் போட்டுக் கொடுத்தார். காயில் கடை இன்ஸ்டலேஷன் கம்பெனி ஆனது இப்படித்தான்.

நான் சேர்ந்த பிறகு குற்றாலத்து லாட்ஜ் வேலைகள் நிறைய வந்தன. ஒரு சீசனில் ஒரு லாட்ஜ் மேனேஜர் போனில் என்னைப் பிடித்துக்கொண்டார்.

"நீங்க மாட்டுன பேன் அம்புட்டும் தலைய தலைய ஆட்டுது. என்ன சாமான் போட்டிய?"

ரோஷத்தோடு கிளம்பிப் போனேன். அறை அறையாகப் பார்த்தேன். எல்லா பேன் இறக்கையிலும் அருவியில் நனைந்த துண்டும் வேட்டியும் பிள்ளைகளின் கால்சட்டையும் தொங்கின. "மெதுவா சுத்த விட்டா சீக்கிரம் காயும்" என்று ஒரு குடும்பத் தலைவர் எனக்கே விளக்கம் சொன்னார். மேனேஜரும் நானும் சிரித்து முடிக்கவே நேரமாகிவிட்டது. மாடிக்கு மாடி ஒரு சின்ன அறையை ஒதுக்கி, கொடி கட்டி, சுவரில் காற்றாடி வைத்துக் கொடுத்தோம். அதற்குப் பிறகு எங்கள் பேன்கள் தலையை ஆட்டவில்லை.

அப்புறம் எல்இடி காலம் வந்தது. எங்களுக்கு ஒரு வேகம் பிடித்தது. கடை கடையாக, மில் மில்லாகப் போய்க் குண்டு பல்புகளைக் கழற்றி எல்இடி மாட்டினோம். எங்கள் சீனியர் பிட்டர் மாடசாமிக்கு அதில் தனி ஆர்வம். ஒரு டீக்கடையில் வடை வைக்கும் கண்ணாடிப் பெட்டிக்குள் எரிந்துகொண்டிருந்த பல்பையும் கழற்றி மாற்றிவிட்டு வந்துவிட்டான். வடையெல்லாம் ஆறிப்போய், டீக்கடைக்காரர் கம்பெனிக்கே வந்து சண்டை போட்டார். "வெளிச்சத்துக்கா வச்சிருந்தேன் அத? கூட்டிட்டு வாங்கம்மா அந்த மேதாவிய" என்றார். மாடசாமி பின்பக்கமாக சைட்டுக்குக் கிளம்பிப் போய்விட்டான்.

அதே சமயத்தில் காயில் கட்டும் வேலையையும் விட்டுவிட்டோம். பேனல், கேபிள், மில் வயரிங் என்று பெரிய வேலைகள் வந்துவிட்டதால், காயிலுக்குப் பூசும் வார்னிஷை உலர்த்தும் ஓவனை வேறொரு கடைக்குத் தள்ளிவிட்டோம்.

எத்தனையோ மாறினாலும் அண்ணாச்சியின் சட்டம் ஒன்று மட்டும் மாறவில்லை. புதிய மோட்டாருக்கோ பேனலுக்கோ முதன்முதலாகக் கரண்ட் கொடுப்பதை 'சார்ஜ் பண்ணுவது' என்போம். அந்த நேரத்தில் கஸ்டமர்கள் மாலை, சந்தனம், தேங்காய் எல்லாம் வைத்துக்கொண்டு காத்திருப்பார்கள். அண்ணாச்சி, "மொதல்ல மெக்கர், பொறவுதான் தேங்கா" என்பார். மெக்கர் என்பது மோட்டாருக்குள் சுற்றியிருக்கும் கம்பிக்கு இன்சுலேஷன் சரியாக இருக்கிறதா என்று காட்டும் மீட்டர். உள்ளே ஈரம் ஏறியிருந்தால் முள் ஜீரோவில் படுத்துவிடும். அந்த நிலையில் சுவிட்சைப் போட்டால் மோட்டார் புகைந்துவிடும்.

3. மைதீன் பாயின் முதல் நெல்

வீரகேரளம்புதூருக்குப் பக்கத்தில் மைதீன் பாய் ஒரு ரைஸ் மில் கட்டினார். வளைகுடாவில் பல வருஷம் வேலை பார்த்துவிட்டு ஊரோடு வந்தவர். கார்ப் பருவ அறுவடை சமயத்தில் நம் பக்கத்து விவசாயிகள் நெல்லைத் தார் ரோட்டில் காயப்போட்டு, சாரல் விழும்போதெல்லாம் அள்ளி மூடிக்கொண்டு ஓடுவதைச் சின்ன வயதிலிருந்து பார்த்தவர். அதனால் மில்லோடு நெல் காயவைக்கும் டிரையரையும் வாங்கினார். சூடான காற்றை ஊதி ஈர நெல்லை உலர்த்தும் மெஷின் அது. இந்த வட்டாரத்துக்கு அப்போது புதுசு. வயரிங், பேனல், சார்ஜ் பண்ணுவது வரை எல்லாம் எங்கள் பொறுப்பு. அண்ணாச்சி அந்த வேலையை முழுக்க என்னிடம் விட்டுவிட்டார்.

டிரையருக்குக் காற்று ஊதும் புளோயரை ஓட்டுவது முப்பது குதிரைசக்தி மோட்டார். டிரையரை விற்ற வெளியூர்க்காரர்கள், தங்கள் படத்தில் உள்ளபடி அதை ஷெட்டின் மேற்கு ஓரத்தில் உட்காரவைத்து போல்ட் போட்டுவிட்டுப் போய்விட்டார்கள். பார்த்ததுமே எனக்குப் பகீர் என்றது. அந்தப் பக்கம் தகர மறைப்பு கட்டச் சொன்னேன். தகரம் வருவதற்குள் சாரல் வந்துவிட்டது. மோட்டாருக்குப் போர்த்திய தார்ப்பாயையும் காற்று விட்டுவைக்கவில்லை.

சார்ஜ் பண்ண இன்னும் நாள் இருக்கிறது, அதற்குள் சரிசெய்துவிடலாம் என்றுதான் இருந்தோம். அதற்குள் ஒரு காலையில் மைதீன் பாய் எனக்குப் போன் செய்தார்.

"இசக்கியம்மா, நெல்லு வந்துட்டும்மா. டிராக்டர் டிராக்டரா வந்து நிக்குது. ரோட்டுல போட வழியில்ல, நீதாம் பாய் கதின்னு வந்து நிக்காங்க. எப்படித் திருப்பி அனுப்புவேன்?"

மாடசாமியோடு போய்ச் சேர்ந்தபோது முற்றம் முழுக்க நெல் குவியல்கள், மேலே தார்ப்பாய். ஒரு குவியலுக்குள் கையை விட்டேன். உள்ளே கதகதவென்று இருந்தது. ஈர நெல்லைக் குவித்து வைத்தால் இப்படிப் புழுங்க ஆரம்பிக்கும். இரண்டு நாள் அப்படியே கிடந்தால் முளைவிட்டுவிடும். அதற்குப் பிறகு அதை யாரும் சோற்றுக்கு வாங்க மாட்டார்கள்.

மோட்டாரின் டெர்மினல் பாக்ஸைத் திறந்து மெக்கர் வைத்தோம். முள் ஜீரோவை விட்டு அசையவில்லை. டெர்மினலைத் துடைத்துவிட்டு மறுபடி வைத்தோம். அப்போதும் அதேதான்.

விவசாயிகள் எங்களைச் சுற்றி நின்றார்கள். அவர்களில் சுடலைமுத்து என்று ஒரு பெரியவர், குவியல்களில் முக்கால்வாசி அவருடையதும் அவர் தம்பிமாருடையதும்தான். அவர் கேட்டார்.

"கரண்டு இருக்கு, மோட்டாரு இருக்கு, சுவிச்சும் இருக்கு. பொறவு எதுக்கும்மா யோசிக்குதிய?"

"உள்ள ஈரம் ஏறிருக்கு பெரியவரே. இப்பப் போட்டா எரிஞ்சிரும். எரிஞ்சா காயில் கட்டி வர ஒரு வாரம் ஆவும். காய வச்சிட்டுப் போட்டா நாளைக்கு ஓடிரும்."

"ஒரே ஒரு தடவ போட்டுப் பாத்தா என்ன? நம்ம அதிர்ஷ்டத்துக்கு ஓடிட்டுன்னா?"

"ஓடலன்னா?"

பெரியவர் துண்டை உதறித் தோளில் போட்டுக்கொண்டு விலகினார். ஆனால் நான் அந்தப் பக்கம் திரும்பினால் யாராவது இந்தப் பக்கம் சுவிட்சைப் போட்டுவிடுவார்கள் என்று அவர்கள் முகத்திலேயே தெரிந்தது. மெயினை அணைத்து, பேனல் ரூமைப் பூட்டிச் சாவியைக் கைப்பைக்குள் போட்டுக்கொண்டேன். கோபக்காரி என்று பெயர் எடுத்ததில் இப்படிச் சில சௌகரியங்கள் உண்டு.

மைதீன் பாய் என்னைத் தனியாகக் கூப்பிட்டார்.

"இது மொத நெல்லும்மா. இது மொளச்சிட்டுன்னா நாளப்பின்ன இந்தக் கேட்டுக்குள்ள ஒருத்தரும் வர மாட்டாங்க. அங்கன வெயில்ல கெடந்து ஒழைச்சதெல்லாம் இந்த ஷெட்டாத்தான் நிக்குது."

"நாளைக்கு ஓட்டிருவோம் பாய்" என்றேன். எப்படி என்று எனக்கே அப்போது தெரியாது.

4. சூட்டைத் தேடி

நெல்லை உலர்த்தும் மெஷினை முதலில் நாங்கள் உலர்த்த வேண்டும். அதற்குச் சூடு வேண்டும். வெல்டிங் செட் வைத்து மோட்டார் கம்பியிலேயே கரண்ட் விட்டுச் சூடாக்குவது ஒரு முறை. ஆனால் முள் சுத்தமாக ஜீரோவில் கிடக்கும்போது அதைச் செய்யக் கூடாது, உள்ளேயே ஷார்ட் ஆகிவிடும். தென்காசியில் காயில் கடைக்காரர்கள் எல்லோருக்கும் போன் போட்டேன். சீசன் சமயம், ஊரில் பாதி மோட்டார்கள் நனைந்து அவர்களுடைய ஓவன்களில்தான் கிடந்தன. ஒருவர் மட்டும் கொண்டுவரச் சொன்னார். அளவு கேட்டால் அவருடைய ஓவன் வாசலில் எங்கள் மோட்டார் நுழையாது. புது மோட்டார் கேட்டேன். கோயம்புத்தூரிலிருந்து வரவேண்டும் என்றார்கள்.

மிச்சம் இருந்தது பழைய வழி. மோட்டாரைக் கழற்றி, உள்ளேயும் வெளியேயும் குண்டு பல்புகளை எரியவிட்டு, சாக்கைப் போட்டு மூடிவைப்பது.

"மாடசாமி, குண்டு பல்பு எங்கல கெடைக்கும்?"

அவன் தலையைச் சொறிந்தான். "ஊருல இருந்ததெல்லாம் நம்மதானக்கா கழத்துனோம்."

"கழத்துனத எங்க வச்ச?"

"எங்க வச்சேன்? ஒடச்சுல்லா போட்டேன்."

கோபத்தில் திட்ட ஆரம்பித்தது சிரிப்பில் முடிந்தது. எத்தனை கடை, எத்தனை மில், எத்தனை லாட்ஜ்! ஒரு பல்பைக்கூட விட்டுவைக்காமல் சுத்தமாக வேலை செய்திருக்கிறோம். கடைகளில் கேட்டால் பொடிப் பொடி கலர் பல்புகள்தான் இருந்தன.

அண்ணாச்சியைக் கூப்பிட்டேன். போன் அடித்துக்கொண்டே இருந்தது. பிறகுதான் ஞாபகம் வந்தது, சம்பந்தி வீட்டார் வந்திருக்கிறார்கள், அவர்களைக் கூட்டிக்கொண்டு குற்றாலத்தில் அருவிக்கடியில் நிற்கிறார். அங்கே நிற்கிற மனுஷனுக்கு இடி விழுந்தாலும் கேட்காது.

அப்போதுதான் எங்களை எல்இடியோடு விரட்டிவிட்ட ஒரே ஒரு இடம் நினைவுக்கு வந்தது. ஆய்க்குடிக்குப் போகும் வழியில் பேச்சியம்மாள் அக்காவின் கோழிப் பண்ணை. மாடசாமியைப் புளோயரிலிருந்து மோட்டாரைப் பிரிக்கச் சொல்லிவிட்டு, நான் ஸ்கூட்டியை எடுத்தேன்.

அக்கா ஷெட் வாசலிலேயே நின்றார்.

"என்ன, மறுபடியும் குச்சி லைட்டா? அன்னைக்கே சொன்னேம்லா, வேண்டாம்னு."

"இல்லக்கா. குண்டு பல்பு வேணும்."

"அன்னைக்கு அத வச்சிருக்கது பாவம்ங்கது மாதிரி பேசுனிய."

"பேசுனேன்."

"இப்ப எதுக்காம்?"

"சூடு வேணும்க்கா. மோட்டார் நனைஞ்சு கெடக்கு."

அக்கா சிரிக்க ஆரம்பித்தார். முந்தானையால் வாயைப் பொத்திக்கொண்டு சிரித்தார். கண்ணைத் துடைத்துக்கொண்டு மறுபடியும் சிரித்தார். எனக்கு அவசரம், ஆனால் அந்தச் சிரிப்பு அவருக்கு நியாயமாகச் சேர வேண்டியது என்று பேசாமல் நின்றேன். பிறகு நெல்லைப் பற்றிச் சொன்னேன். சிரிப்பு நின்றது.

"பாய் மில்லுக்கா? கேக்கவே மனசு அடிச்சுக்கிடுது. ஆனா பல்பக் கழத்தித் தர முடியாதும்மா. நேத்துத்தான் குஞ்சு எறங்கிருக்கு. சூடு கொறஞ்சா ஒண்ணுமேல ஒண்ணு ஏறி நசுங்கிச் செத்துரும்."

என் முகம் போன போக்கைப் பார்த்தாரோ என்னவோ, கையைப் பிடித்து உள்ளே கூட்டிப்போனார். ஷெட்டின் ஒரு பாதியில் தகர வளையங்களுக்குள் மஞ்சள் குஞ்சுகள் கீச்சிட்டுக்கொண்டிருந்தன. வளையத்துக்கு மேலே குடைமாதிரி ஒரு தகரக் கூடு தொங்கியது, அதற்குள் வட்டமாகக் குண்டு பல்புகள். மறுபாதியில் அதேபோல் வளையமும் கூடும் தயாராக இருந்தன, குஞ்சுகள் மட்டும் இல்லை.

"இதுக்கு நாளன்னைக்குத்தான் குஞ்சு வருது. கழத்திக் கொண்டு போயி, ஒடச்சு, பொறவு மாட்டிக்கிட்டு, அதெல்லாம் ஆவாது. மோட்டார இங்கன தூக்கிட்டு வாங்க."

5. குஞ்சுகளுக்குப் பக்கத்து வீட்டில்

செயின் பிளாக்கில் தூக்கி, குட்டியானை வண்டியில் ஏற்றி, தார்ப்பாயைச் சுற்றிக் கயிறு கட்டி மோட்டாரை நண்பகலில் கொண்டுவந்து சேர்த்தான் மாடசாமி. பண்ணை வாசலில் அடுத்த தடங்கல். உள்ளே வருகிற எல்லோரும் மருந்துத் தண்ணீரில் காலை நனைத்துவிட்டுத்தான் வரவேண்டும். நாங்கள் நனைத்தோம். அக்கா ஸ்பிரேயரை எடுத்துக்கொண்டு மோட்டாரை நோக்கி வந்தார்.

"இதுவும் வெளிய இருந்துதான வருது? மருந்து அடிக்காம உள்ள விட மாட்டேன்."

"அக்கா, இது மேல இருக்க தண்ணிய எடுக்கத்தான் இம்புட்டுப் பாடு" என்று மாடசாமி குறுக்கே விழுந்தான். கடைசியில் மருந்தில் பிழிந்த துணியால் வெளிப்புறத்தை மட்டும் துடைப்பது என்று சமாதானம் ஆனது.

இரண்டு பக்க மூடியையும் கழற்றி, நடுவில் சுழலும் ரோட்டரை வெளியே எடுத்தோம். உள்ளே குடைவுக்குள் ஒரு பல்பைத் தொங்கவிட்டோம். மேலே இரண்டு தகரக் கூடுகளை இறக்கி, சுற்றிச் சாக்கைக் கட்டினோம். சாக்கு பல்பில் படாமல் பார்க்க, மாடசாமியோடு வந்த எங்கள் ஆட்களில் ஒருவனை நிறுத்தினேன். மற்ற ஆட்களை எங்கள் ஸ்டோரில் இருந்த காற்றாடிகளையெல்லாம் எடுத்துக்கொண்டு மில்லுக்கு ஓடச் சொன்னேன். அங்கே சுடலைமுத்துப் பெரியவரும் மற்றவர்களும் குவியலைப் பிரித்து, மண்வெட்டியால் புரட்டிப் புரட்டிக் காற்றுக் காட்டிக்கொண்டிருந்தார்கள்.

மோட்டார் சூடேறியது. அவ்வப்போது மெக்கர் வைத்தேன், முள் அசையவே இல்லை. சாக்கில் கையை வைத்தால் சுடுகிறது, ஆனால் முள் படுத்தே கிடக்கிறது. மனசுக்குள் பயம் வந்துவிட்டது. நாளைக்கு ஓட்டிருவோம் என்று சொன்ன வாய் என் வாய்தான்.

பக்கத்து வளையத்துக் குஞ்சுகளுக்கு எங்கள் கவலை இல்லை. மோட்டார் இருக்கும் பக்கம் கதகதப்பு வருவது தெரிந்து, அத்தனையும் அந்த ஓரத்தில் வந்து ஒண்டிக்கொண்டன. பேச்சியம்மாள் அக்கா இடுப்பில் கைவைத்துப் பார்த்தார்.

"பாருங்களேன், தாய்க்கோழி வந்துட்டுன்னு நெனைக்குது சவங்க."

சாயங்காலம் டீ குடித்துவிட்டு வந்து மெக்கர் வைத்தேன். முள் லேசாக நகர்ந்தது. மாடசாமியைப் பார்க்கச் சொன்னேன். "அசையுதுக்கா" என்றான். மறுபடி அரை மணி கழித்து வைத்தேன். இன்னும் கொஞ்சம் ஏறியிருந்தது. அந்த நேரம் பார்த்து அண்ணாச்சி போன் செய்தார். பின்னால் அருவிச் சத்தம்.

"பாய் பேசுனாரு. மோட்டார் எங்கட்டி இருக்கு?"

"கோழிப் பண்ணையில, அண்ணாச்சி."

"எங்கன?"

"கோழிப் பண்ணையில. குஞ்சுகளுக்குப் பக்கத்துல படுக்கப் போட்டிருக்கோம்."

அருவிச் சத்தம் கொஞ்சம் குறைந்தது, போனோடு தள்ளி வந்துவிட்டார் போலிருக்கிறது. பிறகு, "முள்ளு ஏறுதா?" என்று கேட்டார்.

"ஏறுது அண்ணாச்சி."

"அப்ப இருக்கட்டும்" என்று வைத்துவிட்டார். வைப்பதற்கு முன்னால் சம்பந்தியிடம் உரக்கச் சொல்லிச் சிரித்தது எனக்குக் கேட்டது.

எங்களைச் சாப்பிடப் போகச் சொன்ன அக்கா, "குஞ்சப் பாக்க நான் எப்படியும் முழிச்சுக் கெடப்பேன். ஒங்க பிள்ளையையும் சேத்துப் பாத்துக்கிடுதேன்" என்றார். சொன்னபடி பார்த்துக்கொண்டார். காலையில் போய் மெக்கர் வைத்தபோது முள் போதுமான இடத்தைத் தாண்டி நின்றது. ரோட்டரைப் பழையபடி உள்ளே போட்டு மூடிகளை மாட்டிவிட்டு, மாடசாமி மோட்டாரைத் தொட்டுக் கும்பிட்டான். நான் அக்காவைக் கட்டிக்கொண்டேன்.

6. சார்ஜ்

மில்லுக்குக் கொண்டுவந்து இறக்கியபோது மேற்குப் பக்கம் அடைபட்டிருந்தது. மைதீன் பாய் தன் வீட்டு மாட்டுத் தொழுவத்துத் தகரத்தையே பிரித்து வந்து அடித்திருந்தார். மோட்டாரை உட்காரவைத்து, புளோயரோடு இணைக்கும் கப்ளிங்கை நேர்பார்த்து, போல்ட் முறுக்கி, கேபிள் கட்டினோம். மறுபடியும் எல்லோர் முன்னாலும் மெக்கர் வைத்தேன். நேற்று அதிர்ஷ்டத்தைப் பற்றிக் கேட்ட பெரியவரைக் கூப்பிட்டு முள்ளைக் காட்டினேன். குனிந்து பார்த்துவிட்டு, "எந்திரிச்சிட்டே" என்றார்.

அண்ணாச்சி சம்பந்தி வீட்டாரோடு வந்து சேர்ந்தார். மைதீன் பாய் பாத்திஹா ஓதினார். விவசாயிகள் தேங்காய் உடைத்தார்கள். யார் பட்டனை அமுக்குவது என்று ஒரு மரியாதைப் போட்டி நடந்தது. பாய் பெரியவரைக் காட்டினார், பெரியவர் அண்ணாச்சியைக் காட்டினார், அண்ணாச்சி என்னைக் காட்டினார். நான் பேச்சியம்மாள் அக்காவைக் காட்டினேன். மோட்டாரோடு வண்டியில் ஏறி அவரும் வந்திருந்தார். "எனக்கென்னம்மா தெரியும்" என்று சொல்லிக்கொண்டே வந்து, பச்சைப் பட்டனைத் தயங்காமல் அமுக்கினார்.

மோட்டார் முனகி எழுந்தது. ஸ்டார்ட்டர் டக்கென்று, மெதுவாகக் கிளப்பிவிடும் ஸ்டாரிலிருந்து முழு விசை தரும் டெல்டாவுக்கு மாறியது. வேகம் பிடித்ததும், அதன் பின்புறக் காற்றாடி மூடிக்குள்ளிருந்து மஞ்சள் மஞ்சளாக என்னவோ பறந்தது. கோழிக்குஞ்சு ரோமம்! அண்ணாச்சியின் சம்பந்தியம்மாள் தலையில் கொஞ்சம், பாயின் தாடியில் கொஞ்சம். மில் முழுக்கச் சிரிப்பு. "எங்க பண்ண முத்திர" என்றார் அக்கா.

சிரிப்பு அடங்கியதும் எல்லோர் கண்ணும் நெல்லுக்குத் திரும்பியது. முதல் குவியலை அள்ளி டிரையரில் கொட்டினார்கள். மெஷின் ஓடுவது தெரிந்துவிட்டது, நெல் பிழைத்ததா என்பது இன்னும் தெரியவில்லை. சுடலைமுத்துப் பெரியவர் டிரையருக்கு எதிரில் ஒரு சாக்கை விரித்து உட்கார்ந்தார். சாப்பிடக் கூப்பிட்டதற்கும் எழுந்து போகவில்லை. பாய் அவருக்குப் பக்கத்தில் போய் உட்கார்ந்தார். அண்ணாச்சி என் அருகில் வந்து, "போதும்லா, கெளம்புவமா?" என்றார். மோட்டார் ஆம்பியர் சரியாக இருந்தது, சூடு சரியாக இருந்தது, கம்பெனி கணக்குப்படி வேலை முடிந்துவிட்டது. எனக்குப் போக மனசு வரவில்லை. "இருப்போம் அண்ணாச்சி" என்றேன். அவரும் உட்கார்ந்துவிட்டார்.

பொழுது சாயும் நேரத்தில் டிரையரின் கீழ்வாயைத் திறந்தார்கள். நெல் சலசலவென்று கொட்டியது. பெரியவர் கை நிறைய அள்ளினார். முளை எட்டிப்பார்க்கிறதா என்று ஒவ்வொன்றாக விரலால் புரட்டினார். பிறகு ஒரு நெல்லை எடுத்துக் கடைவாயில் வைத்துக் கடித்தார். 'கடுக்' என்ற சத்தம் பக்கத்தில் நின்ற எனக்கே கேட்டது. நெல் நன்றாகக் காய்ந்தால்தான் அந்தச் சத்தம் வரும், ஈரமாக இருந்தால் பல்லில் நசுங்கும். பெரியவர் பாயைப் பார்த்தார்.

"காஞ்சிட்டு பாய். ஒண்ணுகூட மொளைக்கல."

மைதீன் பாய் தூணைப் பிடித்துக்கொண்டு அழுதார். எனக்கும் அழுகை வந்துவிட்டது. மாடசாமி மட்டும் ஒரு நெல்லை எடுத்துக் கடித்துப் பார்த்து, "ஆமாக்கா, சத்தம் வருது" என்று எல்லோரையும் மறுபடி சிரிக்கவைத்தான்.

7. புதிதாக வருகிறவர்களுக்கு

இப்போது கம்பெனியில் நானும் ஒரு பங்குதாரர். ஈர மோட்டார்களை உலர்த்த எங்களுக்கென்று பெரிய ஓவன் வாங்கிவிட்டோம். புதிதாகச் சேரும் பிள்ளைகள் சார்ஜ் பண்ணும் முறை கேட்கும்போது சொல்கிறேன். மெக்கர் ஜீரோ காட்டினால் ஜீரோ என்று எல்லோருக்கும் கேட்கும்படி சொல்லுங்கள், எத்தனை பேர் சுற்றி நின்றாலும் சரி. சொல்லிவிட்டுக் கையைக் கட்டிக்கொண்டு நிற்காதீர்கள். சூடு யாரிடம் இருக்கிறதோ அவரிடம் போய்க் கேளுங்கள், அவர் உங்களைப் பார்த்துச் சிரித்தால் சிரித்து முடிக்கும்வரை பொறுத்துக்கொள்ளுங்கள்.

இன்னொன்றும் உண்டு. பட்டனை அமுக்கி மோட்டார் சுற்றியதும் டூல்ஸ் பையைக் கட்டாதீர்கள். வேலை முடிந்தது என்று சொல்ல வேண்டியவர் நீங்கள் இல்லை. அந்த மெஷினை நம்பி எதையோ கொண்டுவந்து கொட்டிவிட்டு, சோறு தண்ணி இல்லாமல் எதிரில் ஒருவர் உட்கார்ந்திருப்பார். அவர் வாயைத் திறந்து சொல்கிறவரை நீங்களும் அங்கேயே இருங்கள்.